பெரியப்பா பிரவுசர் கத்துக்கிட்ட கதை

பிரவுசருக்குத் தமிழில் உலாவி என்று பெயர். அழகான சொல். உலாவுவது என்றால் அவசரமில்லாமல் நடப்பது. சாயங்காலம் புஷ்ய மண்டபப் படித்துறைப் பக்கம் காற்று வாங்கப் போகிறோமே, அதுதான் உலாவுவது. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எனக்குத் தெரிந்த பெரியவர்கள் யாரும் உலாவுவதற்காக பிரவுசரைத் தொட்டதில்லை. பட்டா எடுக்கணும், சாதிச் சான்றிதழ் வாங்கணும், பிள்ளையின் ரிசல்ட் பார்க்கணும், கொள்முதல் நிலையத்தில் நெல் போடணும். இப்படி ஏதாவது ஒரு கட்டாயம் வந்து கழுத்தைப் பிடிக்கும்போதுதான் தொடுகிறார்கள். அதுவும் நேரடியாக இல்லை. இன்னொருவர் கையால்.

நமக்கெல்லாம் பிரவுசர் எப்படிப் பழகியது என்று யோசித்துப் பாருங்கள், ஞாபகமே வராது. சைக்கிள் பழகியது ஞாபகம் இருக்கும், முட்டியில் தழும்பு இருக்கும். பிரவுசருக்குத் தழும்பு கிடையாது. அதனால் அது கஷ்டமே இல்லாத ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். அறுபதை நெருங்கும் ஒருவர் அதைப் பழகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபிறகுதான் அதற்குள் எத்தனை விஷயம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒருவர் என் பெரியப்பா. அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

2022 ஜனவரி. மூன்றாவது அலை என்று பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். நான் பிளஸ் டூ, வீட்டில் இருந்தேன். சம்பா அறுவடை தொடங்கியிருந்தது. அந்தப் பருவத்தில்தான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையத்தில் முன்பதிவு செய்யவேண்டும் என்று வந்தது. பெயர், நில விவரம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் நிரப்பி முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். வியாபாரிகள் விவசாயி பெயரில் நெல் கொண்டுவருவதைத் தடுக்கலாம், நாள்கணக்கில் வரிசையில் கிடக்கவேண்டாம் என்பது காரணம். நல்ல காரணம்தான். அந்தப் பருவத்தில் ஊக்கத்தொகையோடு சேர்த்து சன்னரகத்துக்குக் குவிண்டால் 2060 ரூபாய், பொதுரகத்துக்கு 2015 ரூபாய். வெளியில் வியாபாரி இதைவிடக் குறைத்துத்தான் கேட்பார். அதனால் பதிவு என்பது சும்மா ஒரு சம்பிரதாயம் இல்லை. ஒரு வருஷச் சோறு.

பெரியப்பா பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது, புல எண்ணின் உட்பிரிவு மாறிப்போயிருக்கிறது, பதிவு செல்லாது என்று. நெல் களத்தில் கிடக்கிறது. தை மாதப் பனி எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பகலெல்லாம் காய்ந்த நெல் ராத்திரி தார்ப்பாயையும் மீறி ஈரம் வாங்கிக்கொள்ளும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்கமாட்டார்கள். அதனால் தினமும் விரித்து, கிளறி, கூட்டி, மூடி, மறுபடியும் விரித்து... பெரியம்மாவுக்கு முதுகு போய்விட்டது.

"நீங்க பார்த்து சொல்லியிருக்கலாம்ல பெரியப்பா" என்று கேட்டேன்.

"எங்கேருந்து பாக்குறது? டிவி அந்தப் பக்கம்ல பாத்துக்கிட்டு இருக்கு."

அவர் டிவி என்று சொன்னது மானிட்டரை. கடையில் மானிட்டர் கடைப்பையன் பக்கம் திரும்பியிருக்கிறது. வாடிக்கையாளர் மேசைக்கு இந்தப் பக்கம். அவருக்குத் தெரிவது மானிட்டரின் முதுகும் நாலு வயரும்தான். அவர் வாயால் சொல்கிறார், பையன் கையால் அடிக்கிறான், நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. பையன் மேல் தப்பு சொல்லமுடியாது. காலையிலிருந்து ஐம்பது பேருக்கு அடித்திருப்பான். ஆனால் தன் நிலத்தின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனுஷர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணில் அது ஒரு தடவை பட்டிருந்தால் போதும்.

அன்று ராத்திரி பெரியப்பா கேட்டார். "ஏன் பாப்பா, அந்த டப்பாவுல நானே பாக்க முடியாதா?"

டப்பா என்றால் அக்காவின் லேப்டாப். 2013இல் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அந்தத் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அக்கா கல்யாணமாகித் திருப்பூர் போனபோது பீரோ மேல் வைத்துவிட்டுப் போனது. பேட்டரி செத்துவிட்டது, கரண்ட் இருந்தால் ஓடும். என் போனிலிருந்து நெட் கொடுத்தோம். ஆக, முதல் வகுப்பு தொடங்கியது.

முதல் எதிரி, விரலை வைத்துத் தேய்க்கும் அந்தச் சதுரம். பெரியப்பாவின் விரல் நுனி மண்வெட்டிக் காம்பு பிடித்துக் காய்ந்துபோனது. தேய்த்தால் அம்பு நகரவே இல்லை, நகர்ந்தால் மூலைக்கு ஓடியது. மறுநாள் ஒரு சாதாரண மவுஸ் வாங்கி மாட்டியதும் அந்தப் பிரச்சினை முடிந்தது. அதைப் பிடித்ததும் அவர் சொன்னது: "இது பரவால்ல. கையில ஒரு பிடி இருக்கு."

இரண்டாவது, எங்கே தொடங்குவது? நான் நேராகப் பதிவுப் படிவத்தைத் திறக்கப் போனேன். பெரியப்பா தடுத்துவிட்டார். "மொதல்ல எனக்குத் தெரிஞ்சது ஏதாவது காட்டு. அப்பத்தான் இது உண்மை சொல்லுதா பொய் சொல்லுதான்னு எனக்குத் தெரியும்" என்றார். எவ்வளவு சரியான யோசனை பாருங்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் தினமும் கேட்கும் எண் ஒன்றுதான். மேட்டூர் அணை நீர்மட்டம். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இது குழந்தைக்கும் தெரியும். தேடும் பெட்டியில் அதைத் தமிழில் அடித்தோம். வந்தது. நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். காலையில் டீக்கடைப் பேப்பரில் படித்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பொருந்தியது. அதற்குப் பிறகுதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது எங்கேருந்து வருது?" என்றார். நான் எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் பாடத்தை அவிழ்த்துவிட்டேன். நம் கேள்வி போனுக்குப் போகிறது, போனிலிருந்து டவருக்கு, அங்கிருந்து கேபிள் வழியாக, ஒவ்வொரு சந்திப்பிலும் எந்தக் கிளையில் போகவேண்டும் என்று பார்த்து அனுப்புகிறார்கள், கடைசியில் அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது, அது பதில் அனுப்புகிறது...

"அப்ப கல்லணை மாதிரி. காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரிச்சு விடுறாப்புல."

"ஆமாம் பெரியப்பா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்ல பாப்பா. தண்ணி நம்ம கேட்டா வர்றதில்ல, அவன் தொறந்தா வருது. இதுல நான் கேட்டாத்தான் வருது. இது வாய்க்கா இல்ல. மேட்டூருக்கு மனு போடுற மாதிரி. என்ன, போட்ட உடனே தொறந்துடுறான்!"

பிரவுசர் என்பது கேட்கும், மறுபக்கம் இருப்பது கொடுக்கும். இந்த ஒரு விஷயத்தை எனக்குப் புரியவைக்க எங்கள் கம்ப்யூட்டர் புத்தகம் படம் போட்டு நாலு பக்கம் எழுதியிருந்தது. பெரியப்பா ஒரு மனுவில் முடித்துவிட்டார்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். பயம். எதைத் தொட்டாலும் "இத அமுக்கலாமா? ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முதலில் இதை வயசானவர்களின் தயக்கம் என்று நினைத்தேன். யோசித்தால் அப்படியில்லை. விவசாயத்தில் திரும்பிப்போக வழி கிடையாது. தப்பான விதையை விட்டால் விட்டதுதான், ஒரு போகம் போச்சு. மருந்தை ஒருநாள் தள்ளி அடித்தால் புகையான் தின்றுவிடும். நாற்பது வருஷம் அப்படி வாழ்ந்தவர் எதையும் சும்மா தொட்டுப் பார்க்கமாட்டார். அது பயம் இல்லை, அனுபவம். நாம்தான் விளையாட்டாகவே வளர்ந்தவர்கள், எதையும் தட்டிப் பார்ப்போம்.

அதனால் இடதுபக்க மூலையில் இருக்கும் பின்னோக்கிய அம்பைக் காட்டினேன். எங்கே போனாலும் இதை அமுக்கினால் வந்த இடத்துக்கே வந்துவிடலாம் என்றேன். சோதித்துப் பார்த்தார். மேட்டூரிலிருந்து ஆழியாறு அணைக்குப் போனார், திரும்பினார். வைகைக்குப் போனார், திரும்பினார். அரைமணி நேரம் தமிழ்நாட்டு அணையெல்லாம் சுற்றி வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அரைமணி நேரம் மட்டும்தான் 'உலாவி' என்ற சொல்லுக்குப் பொருத்தமான வேலை நடந்தது :)

அப்புறம் அவரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கடையில போட்டது தப்பாப் போச்சே, அப்ப அவன் இந்த அம்ப அமுக்கியிருக்கலாம்ல?"

இல்லை என்றேன். சில இடங்களில் நாம் எழுதி 'சமர்ப்பி' என்று அமுக்கிவிட்டால் அது அங்கே போய் உட்கார்ந்துவிடும். பின்னால் வந்தாலும் அழியாது.

"அப்ப ரெண்டு வகை இருக்கு. பாக்குற பக்கம், எழுதுற பக்கம். பாக்குற பக்கத்துல தைரியமாப் போலாம். எழுதுற பக்கத்துல நின்னு நிதானமாத்தான் போவணும்."

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பின்னாளில் கல்லூரியில் ஒரு வகுப்பில் சொன்னார்கள்: பிரவுசர் சர்வரிடம் பேசும் மொழியில் முக்கியமான இரண்டு வினைச்சொற்கள் உண்டு. ஒன்று கெட், அதாவது கொடு. இன்னொன்று போஸ்ட், அதாவது இந்தா வைத்துக்கொள். கெட் எத்தனை தடவை கேட்டாலும் அந்தப் பக்கம் எதுவும் மாறக்கூடாது. போஸ்ட் மாற்றிவிடும். அதனால்தான் படிவம் அனுப்பிய பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் 'மறுபடியும் அனுப்பவா?' என்று பிரவுசர் ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்கிறது. வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பெரியப்பாவின் பாக்குற பக்கத்தையும் எழுதுற பக்கத்தையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது நாள் பட்டா சிட்டா பார்த்தோம். தமிழக அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' பக்கம். மாவட்டம் தஞ்சாவூர், வட்டம் திருவையாறு, கிராமம், புல எண், உட்பிரிவு எண். ஒவ்வொன்றாக அவரே தேர்ந்தெடுத்தார். கடைசியில் தாத்தாவின் பெயரும் அவர் பெயரும் ஒன்றுக்குக் கீழே ஒன்றாகத் திரையில் வந்தன. பெரியம்மாவைக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காகிதத்துக்காக எத்தனையோ தடவை நடந்திருக்கிறார்கள். வீட்டுத் திண்ணைக்கு அது வந்தது அன்றுதான் முதல் தடவை.

அதற்கு மறுநாள் பதிவைத் திருத்திப் புதிதாகப் போட்டோம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். எட்டாவது வரை படித்தவர், ஆங்கில எழுத்து தெரியும், வேகம் கிடையாது. ஒவ்வொரு எழுத்தையும் விசைப்பலகையில் தேடி ஒற்றை விரலால் அடித்தார். நாற்பது நிமிஷம் ஆனது. வங்கிக் கணக்கு எண்ணை மூன்று தடவை பாஸ்புக்கோடு சரிபார்த்தார். பெரியம்மா எண்ணை வாசிக்க, அவர் திரையில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். நடுவில் பக்கம் காலாவதியாகிவிட்டது என்று ஒரு தடவை வெளியே தள்ளியது. கடைசியில் அமுக்குவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "எழுதுற பக்கம்" என்று சொல்லிவிட்டு அமுக்கினார். நெல் மாசி பிறப்பதற்குள் எடைக்குப் போனது. 40 கிலோ சிப்பம் ஒவ்வொன்றும் தராசில் ஏறும்போது பெரியம்மா எண்ணிக்கொண்டே நின்றார்.

இவ்வளவு தூரம் வந்தபிறகு ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் ஊருக்கு இணையம் இப்போதுதான் வந்ததா என்ன? தேடிப் பார்த்தால் ஆச்சரியம். 2004 அக்டோபர் 18ஆம் தேதி அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் சில கிராம வள மையங்களைத் தொடங்கிவைத்தார். இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை. செயற்கைக்கோள் வழியாக இணைப்பு. தமிழ்நாட்டில் அப்படித் தொடங்கிய இடங்கள் ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம், திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டி, அப்புறம் நம்ம திருவையாறு! நான் பிறந்த அதே வருஷம். சுவாமிநாதன் பக்கத்துக் கும்பகோணத்தில் பிறந்தவர், 2023 செப்டம்பரில் காலமானார்.

அவருடைய நிறுவனம் அதற்கு முன்பே 1998 முதல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் அறிவு மையங்கள் நடத்தியது. அதில் வீராம்பட்டினம் என்ற மீனவ ஊரின் கதை பிரபலம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கடல் அலை உயரம் எவ்வளவு இருக்கும் என்ற முன்னறிவிப்பு வரும். மையத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர் காதில் அது விழும். அங்கே பிரவுசரைத் தொட்டது ஒருவர், பலன் ஊருக்கே. இதுவும் இன்னொருவர் கையால் பார்ப்பதுதான். ஆனால் கம்ப்யூட்டர் கடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒலிபெருக்கியில் சொன்னது தப்பு என்றால் கடலைப் பார்த்து எல்லோரும் கண்டுபிடித்துவிடலாம். சரிபார்க்கும் உரிமை கேட்பவரிடமே இருந்தது. மானிட்டரின் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு அது இல்லை.

இன்னொரு விஷயம். பெரியப்பா தேடும் பெட்டியில் தமிழில் அடித்ததும் தமிழில் வந்தது என்று மேலே சாதாரணமாக எழுதிவிட்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இது சாதாரணம் இல்லை. ஒவ்வொரு தமிழ்த் தளமும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தது. ஒரு தளத்தைப் படிக்க அதன் எழுத்துருவை இறக்கி நிறுவவேண்டும். அடுத்த தளத்துக்கு அடுத்த எழுத்துரு. நிறுவாவிட்டால் திரை முழுக்கப் புரியாத கிறுக்கல். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று தரங்கள் வந்தன, இணையத்தில் கூடிய தமிழர்கள் உருவாக்கிய திஸ்கி ஒரு பக்கம், யூனிகோடு இன்னொரு பக்கம்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் நம் தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்துக்காரர் உமர்தம்பி ஒரு வேலை செய்தார். தேனீ என்ற யூனிகோடு இயங்கு எழுத்துருவை உருவாக்கினார். இயங்கு எழுத்துரு என்றால், படிப்பவர் எதையும் நிறுவவேண்டாம். பக்கம் வரும்போதே எழுத்துருவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். விருந்தாளி கையோடு இலையையும் கொண்டுவந்து உட்காருவது மாதிரி. அந்தக் காலத்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அது வேலை செய்தது. பிரவுசிங் சென்டரில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள். அதை அவர் இலவசமாகவே கொடுத்தார். 2006 ஜூலையில் காலமாகிவிட்டார். அதே காலத்தில் தமிழா என்ற தன்னார்வக் குழு எ-கலப்பை என்ற தட்டச்சுக் கருவியைக் கொடுத்தது, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தமிழாக்க உழைத்தது. 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் தமிழில் ஃபயர்ஃபாக்ஸும் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாக வெளியிட்டது.

பெரியப்பா நாலு நாளில் பழகியதற்கு என் திறமை காரணம் இல்லை. அவருக்கு முன்னால் யாரோ இருபது வருஷம் உட்கார்ந்து வாய்க்கால் தூர்வாரி வைத்திருந்தார்கள். நாங்கள் மடையைத் திறந்தோம், அவ்வளவுதான்.

இனி முகவரி விஷயம். நண்பர்களே, இதை மட்டும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். தேடும் பெட்டியில் வருவது எல்லாமே அரசாங்கம் என்று முதலில் பெரியப்பா நினைத்தார். ஒரே பெயரில் பத்துப் பக்கம் வருகிறதே, எது உண்மை? அவருக்குத் தபால்காரரை வைத்துச் சொன்னேன். கடிதத்தில் முதலில் பெயர், அப்புறம் தெரு, ஊர், கடைசியில் மாவட்டம், பின்கோடு என்று எழுதுகிறோம். ஆனால் தபாலைப் பிரிப்பவர் கீழேயிருந்து படிப்பார். முதலில் பின்கோடு, கடைசியில்தான் பெயர். இணைய முகவரியும் அப்படித்தான். முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறதோ, அதற்கு முந்திய பகுதியை வலதுபக்கமிருந்து படிக்கவேண்டும். 'டாட் கவ் டாட் இன்' என்று முடிந்தால் இந்திய அரசு சார்ந்தது. அந்த முடிவை அரசு அமைப்புகளைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். முன்னால் அரசு, தமிழ்நாடு, பட்டா என்று எதை வேண்டுமானாலும் எவன் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அது உறைமேல் எழுதிய பெயர் மாதிரி.

பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று சிலர் சொல்வார்கள். பூட்டுக்கு அர்த்தம், நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான். மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்று அர்த்தம் இல்லை. திருடனும் தன் வீட்டைப் பூட்டித்தானே வைப்பான்? இந்தக் குழப்பத்தால்தான் 2023இல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு ஒரு படத்தை வைத்தது.

2023 கோடையில் பெரியப்பாவின் போனுக்கு ஒரு வாட்ஸப் செய்தி வந்தது. நிலப் பதிவைப் புதுப்பிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், உடனே இந்த இணைப்பை அமுக்கவும் என்று. அமுக்கினார். அரசு முத்திரை, பச்சை வயல் படம், எல்லாம் அச்சு அசல். கீழே ஆதார் எண், வங்கி எண் கேட்டு ஒரு படிவம். அவர் அதை எதுவும் செய்யாமல் என்னிடம் எடுத்துவந்தார்.

"எழுதச் சொன்னுச்சு பாப்பா. அதான் முகவரியப் பாத்தேன். கடைசியில கவ் இல்ல."

போனில் பக்கத்தைக் கீழே தள்ளினால் முகவரிப் பட்டை மேலே போய் ஒளிந்துகொள்ளும். அவர் மறுபடி மேலே தள்ளி, அதை வரவழைத்துப் பார்த்திருக்கிறார். (பார்க்கிற பக்கத்திலும் எதையாவது இறக்கச் சொன்னால் இறக்கக்கூடாது என்று அன்றைக்கு ஒரு விதி சேர்த்தோம். இறக்குவது எழுதுகிற கணக்கில்தான் வரும் என்று அவரே வகைப்படுத்திவிட்டார்.) அதே செய்தி எங்கள் தெருவில் பல பேருக்குப் போயிருந்தது. சாயங்காலம் அவர் டீக்கடையில் நின்று அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வீராம்பட்டினத்து ஒலிபெருக்கிதான் ஞாபகம் வந்தது.

எல்லாம் பழகிவிட்டார் என்று கதை விடமாட்டேன். எத்தனை டேப் திறந்திருக்கிறது என்பது இன்றைக்கும் அவருக்குக் குழப்பம்தான். ஓடிபி வரும்போது போனைத் தேடுவார், அதற்குள் நேரம் முடிந்துவிடும். கோணல்மாணல் எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் அந்தப் பெட்டியை மட்டும் அவர் மன்னிக்கவே இல்லை. "நான் மனுசன்தான்னு இந்த மிசினுக்கு நான் ஏன் நிரூபிக்கணும்?" என்பார். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. அந்த லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 7. 2023 தொடக்கத்தோடு குரோம் அதற்குப் புதிய பதிப்பு கொடுப்பதை நிறுத்திவிட்டது. அதனால் ஆதார், வங்கி சம்பந்தப்பட்ட எதையும் அதில் செய்யவேண்டாம் என்று சொல்லி அவரைப் போனுக்கு மாற்றினோம்.

2022இல் மேட்டூரை மே 24ஆம் தேதியே திறந்தார்கள். வழக்கமான தேதி ஜூன் 12. அந்தச் செய்தி மறுநாள் பேப்பரில் வருவதற்கு முன்னால் தெருவில் முதலில் சொன்னவர் பெரியப்பா. அதிலிருந்து அவருக்கு ஒரு மரியாதை கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிட்டா எடுக்க, விண்ணப்ப நிலை பார்க்க அவரிடம் வர ஆரம்பித்தார்கள். அவர் செய்துகொடுக்கும் விதத்தை ஒருநாள் கவனித்தேன். வந்தவரை எதிரில் உட்காரவிடமாட்டார். "இந்தப் பக்கம் வாங்கண்ணே" என்று தன் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைப்பார். திரை ரெண்டு பேருக்கும் நடுவில் இருக்கும். ஒவ்வொரு எண்ணையும் அடித்துவிட்டு, "இது ஒங்க நம்பர்தானே, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டு, அவர் தலையாட்டினபிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போவார். எழுதுகிற பக்கம் வந்தால் கடைசிப் பொத்தானை வந்தவரையே அமுக்கச் சொல்வார்.

இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைப் படிக்கும் என் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டில் யாராவது "இத கொஞ்சம் பாத்துக் குடேன்" என்று போனை நீட்டுவார்கள். வாங்கி, பத்து வினாடியில் தட்டி முடித்துத் திருப்பிக் கொடுப்பது நமக்கு ரொம்பச் சுலபம். நாற்பது நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் ஒற்றை விரலால் அடிப்பதைக் கை துருதுருக்கப் பார்த்துக்கொண்டிருப்பது ரொம்பக் கஷ்டம். ஒரே ஒரு தடவை அந்தக் கஷ்டத்தைப் பட்டுப் பாருங்கள். முதலில் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதாவது ஒன்றைத் தேடிக் காட்டுங்கள், மேட்டூரோ, தங்கம் விலையோ, மகமாயி கோயில் திருவிழாவோ. அப்புறம் அந்தப் பின்னோக்கிய அம்பு, அப்புறம் முகவரி. மவுஸை மட்டும் அவர்கள் கையிலிருந்து பிடுங்காதீர்கள்.